கோலைக் காத்த கால்கள்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்கி முத்து எடுத்தவருக்குத்தான் பெயர். ஆனால் படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய கண் தண்ணீரை விட்டு அகலாது. கயிறு அசைந்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் மச்சானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு.

ஆக்கி ஆட்டத்தில் கயிறு பிடிப்பவர், கோல் கீப்பர். கோல் போட்டவரை ஊரே தோளில் தூக்கி ஆடும். கோலைத் தடுத்தவரை யாரும் தூக்குவதில்லை.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் பெயர் போன ஊர். ஆக்கிக்கும் பெயர் போன ஊர். அங்கே மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளில் ஒருவன் மட்டும், இரு கால்களிலும் கனத்த உறைகளைக் கட்டிக்கொண்டு கோல் வாசலில் நிற்பான். அவனுக்கு வழி காட்டிய முன்னோடிகளில் பெரியவர் சங்கர் லட்சுமணன்.

3 ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடி, 2 தங்கப் பதக்கமும் 1 வெள்ளிப் பதக்கமும் வென்றவர். இந்திய ஆக்கி அணிக்குத் தலைவரான முதல் கோல் கீப்பரும் அவர்தான்.

வாத்தியக்காரப் பையன்

1933-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி லட்சுமணன் பிறந்தார். ஊர், மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே உள்ள மோவ். அம்பேத்கர் பிறந்ததும் அதே ஊரில்தான். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர் அது.

சிறு வயதில் லட்சுமணனுக்குப் பிடித்த ஆட்டம் ஆக்கி அல்ல, கால்பந்து. நாடு சுதந்திரம் அடைந்த 1947-ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14. துப்பாக்கி பிடிக்கும் வயதா அது? பாண்டு வாத்தியக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் மராத்தா காலாட்படையில் இடம் கிடைத்தது. ஆக்கியும் கோல் வாசலும் அவருக்குக் கிடைத்தது பட்டாளத்தில்தான்.

கால்பந்து ஆடிய கால்கள் வீண் போகவில்லை. ஆக்கியில் மற்ற 10 பேரும் பந்தைக் காலால் தொடக்கூடாது. கோல் கீப்பர் மட்டும் உதைக்கலாம்.

அடிப்பதற்கு முன்பே தெரியும்

ஆக்கி கோலின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. அதன் முன்னால் அரைவட்டம் போல் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குள் இருந்து அடித்தால்தான் கோல். அதாவது, ஆபத்து எப்போதும் 16 கஜத்துக்குள் இருந்துதான் வரும். கல் போன்ற அந்தப் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய பிறகு யோசிக்க நேரம் ஏது?

ஆகவே நல்ல கோல் கீப்பர் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. அடிப்பவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்கால் எங்கே ஊன்றுகிறது, மணிக்கட்டு எப்படி மடங்குகிறது என்று பார்ப்பார். பந்து இல்லாமல் ஓடி வருகிற இன்னொருவர் மீதும் ஒரு கண் இருக்கும். கரையில் நிற்கிற மீனவர் மேகத்தையும் காற்றையும் பார்த்துக் கடலின் போக்கைச் சொல்வாரே, அது மாதிரி.

இன்னொரு வித்தையும் உண்டு. கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் இரு பக்கமும் இடைவெளி அதிகம். நாலு எட்டு முன்னே வந்தால், அடிப்பவர் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடும். ஆனால் எட்டு தப்பினால், பின்னால் உள்ள கோல் அநாதைதான்! எப்போது வருவது, எப்போது நிற்பது என்பதில்தான் கோல் கீப்பரின் முழுப் படிப்பும் அடங்கியிருக்கிறது.

அந்நாளில் ஆக்கி கோல் கீப்பர்களுக்குத் தலைக்கவசம் இல்லை. காலில் உறை, கையில் உறை, அவ்வளவுதான். குளிர் நாடுகளில் பனிக்கட்டி மேல் ஆடுகிற ஐஸ் ஆக்கியிலும் நெடுங்காலம் இதே கதைதான். கனடா நாட்டு கோல் கீப்பர் ஜாக் பிளாண்ட், 1959 நவம்பர் 1-ந் தேதி நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் முகத்தில் அடிபட்டார். தையல் போட்டுக்கொண்டு, முகமூடி அணிந்து திரும்பி வந்து ஆடினார். அதன் பிறகுதான் அங்கே முகமூடி மெல்ல மெல்லப் பழக்கத்துக்கு வந்தது. நம் லட்சுமணன் வெறும் முகத்தோடுதான் நின்றார்.

மெல்போர்னும் ரோமும்

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். இந்திய அணியில் 2 கோல் கீப்பர்கள். ஒருவர் தமிழ்நாட்டின் ரங்கநாதன் பிரான்சிஸ். 1948-லும் 1952-லும் தங்கம் வென்ற அணிகளில் இருந்தவர், வயது 36. மற்றவர் 23 வயது லட்சுமணன். மூத்தவரின் கடைசி ஒலிம்பிக்கே இளையவரின் முதல் ஒலிம்பிக் ஆனது.

அந்தப் பந்தயத்தில் இந்தியா 5 ஆட்டங்களில் 38 கோல்கள் போட்டது. வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை! இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றபோது கோல் வாசலில் நின்றவர் லட்சுமணன்.

1960-ல் ரோம். மீண்டும் இறுதி ஆட்டம், மீண்டும் பாகிஸ்தான். முதல் பாதியிலேயே நசீர் பந்தா ஒரு கோல் போட்டுவிட்டார். அந்த ஒரு கோலை இந்தியாவால் கடைசி வரை ஈடுகட்ட முடியவில்லை. 1928 முதல் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத இந்தியா, அன்று தோற்றது. கோல் கீப்பரின் துயரம் இதுதான். தடுத்த பந்துகளுக்குக் கணக்கு இல்லை, விட்ட ஒரு பந்து சரித்திரத்தில் ஏறிவிடும். முன்வரிசையினர் ஒரு கோலும் போடாத நாளில் கோல் கீப்பர் மட்டும் என்ன செய்வார்? நியாயமாகப் பார்த்தால் அந்தத் தோல்வியில் அவருக்குப் பங்கு குறைவு.

டோக்கியோவில் பதில்

4 ஆண்டுகள் கழித்து, 1964-ல் டோக்கியோ. மூன்றாவது முறையாக அதே இறுதி ஆட்டம். மொகிந்தர் லால் போட்ட கோலில் இந்தியா முந்தியது. அதன் பிறகு பாகிஸ்தான் வீரர்கள் அலை அலையாக வந்து மோதினார்கள். எல்லா அலையும் லட்சுமணனின் கால்களில் வந்து உடைந்தது. அன்று அவர் கண்ணுக்கு ஆக்கி பந்து கால்பந்து அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய ஏடு ஒன்று வியந்து எழுதியது. சிறு வயதில் கால்பந்து ஆடியவர் என்பது அந்த ஏட்டுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ! ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. தங்கம் திரும்பி வந்தது.

அதே ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 1966-ல் பாங்காக் ஆசியப் பந்தயத்துக்கு அவரே அணித் தலைவர். 1958-லும் 1962-லும் பாகிஸ்தானிடம் பறிகொடுத்த ஆசியத் தங்கத்தை, அங்கே முதல் முறையாக இந்தியா வென்றது. எதிரி அதே பாகிஸ்தான், கணக்கும் அதே 1-0. 1967-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக். அணிப் பட்டியலில் லட்சுமணன் பெயர் இல்லை. 2 ஆண்டுகளுக்கு முன் தலைவராக இருந்தவருக்கு, அணியிலேயே இடம் இல்லாமல் போயிற்று. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வெண்கலம்தான் கிடைத்தது. லட்சுமணன் ஆக்கியை விட்டு விலகினார். பட்டாளம் மட்டும் மிச்சம் இருந்தது. வாத்தியக்காரப் பையனாக நுழைந்தவர், 1979-ல் கேப்டன் பதவியில் ஓய்வு பெற்றார்.

பிறகு மோவ் நகரில் சிறிய கடை வைத்துப் பிழைத்தார். சாமான் வாங்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு, எதிரே நிற்பவர் 2 ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்று தெரிந்திருக்கும்?

முதுமையில் ஒரு காலில் தசை அழுகும் நோய் கண்டது. மருத்துவத்துக்குப் பணம் இல்லாமல் தவித்தார். காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. இயற்கை வைத்தியத்தை நம்பினார். 2006 ஏப்ரல் 29-ந் தேதி, 72-வது வயதில், பிறந்த ஊரான மோவிலேயே காலமானார். காலை எடுக்க அவர் கடைசி வரை விடவில்லை.