கண்ணை நம்பாத கணித மேதை



போன வாரம் வரைபடத் தாளில் ரெண்டு கோடு வரைந்தேன். பார்க்க இணைகோடு மாதிரியே இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். டீச்சர் தப்பு போட்டுட்டாங்க! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்போது டீச்சர் சொன்ன பெயர்தான் ரெனே டெகார்ட்.

இவர் 1596 மார்ச் 31-ல் பிரான்ஸ் நாட்டில் லா ஹே என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊருக்கே அவர் பெயர்தான். ஒரு வயது தாண்டியதுமே அம்மா இறந்துட்டாங்க. பாட்டிதான் வளர்த்தாங்க. உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போகும். அதனால் பள்ளிக்கூடத்தில் இவரை மட்டும் காலையில் லேட்டாக எழ விட்டார்கள். (நம்மை யார் விடுவாங்க!) படுத்தபடியே யோசிப்பது இவருக்குக் கடைசி வரை பழக்கமாகிவிட்டது.

1616-ல் சட்டம் படித்து முடித்தார். 1618-ல் ஹாலந்து போய் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே ஐசக் பீக்மன் என்பவர் நண்பரானார். அவரால் கணக்கின் மேல் ஆசை அதிகமானது.

எதையும் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்ப்பது டெகார்ட்டின் குணம். தூரத்தில் வட்டமாகத் தெரியும் கோபுரம் கிட்டே போனால் சதுரமாக இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பார்.

1637-ல் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது படித்தவர்கள் லத்தீனில்தான் எழுதுவார்கள். இவரோ சாதாரண மக்களும் படிக்கட்டும் என்று தாய்மொழி பிரெஞ்சில் எழுதினார். அதில் வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒன்றாகச் சேர்த்தார். கோட்டைச் சமன்பாடாக எழுதலாம் என்ற வழி பிறந்தது. அதே காலத்தில் ஃபெர்மா என்பவரும் தனியாக இதைக் கண்டார். பின்னால் வந்தவர்கள் வளர்த்ததுதான் நாம் படிக்கும் சாய்வு. மேலே ஏறிய அளவைப் பக்கவாட்டில் நகர்ந்த அளவால் வகுத்தால் சாய்வு.

இப்போ என் தப்புக்கு வருகிறேன். முதல் கோடு (0,1), (10,21) வழியாகப் போகிறது. சாய்வு 20/10 = 2. அடுத்தது (0,5), (10,26). சாய்வு 21/10 = 2.1. சாய்வு சமமாக இருந்தால்தான் இணைகோடு. என் கோடுகளை இடது பக்கம் நீட்டினால் (-40,-79) என்ற புள்ளியில் முட்டிக்கொள்ளும்! என் தாளில் அவ்வளவு இடமே இல்லை. ஆனால் கணக்கு காட்டிக் கொடுத்துவிட்டது.

1640-ல் டெகார்ட்டின் ஒரே மகள் ஐந்து வயதில் இறந்தாள். அவர் மிகவும் உடைந்து போனார். 1649-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா பாடம் சொல்லித்தர அழைத்தார். பாடம் காலை 5 மணிக்கு! லேட்டாக எழுந்தே பழகியவர், கடுங்குளிரில் இருட்டோடு எழுந்து போனார். நிமோனியா வந்து 1650 பிப்ரவரி 11-ல் இறந்தார். வயது 53தான்.

தப்பு போட்ட அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பக்கத்திலேயே சாய்வு எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒருமுறை கணக்குப் போட்டுத்தான் எழுதுவேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: சாய்வுகளைப் பெருக்கி -1 வந்தால் அவை செங்குத்துக் கோடுகள். (0,4), (4,2) வழியே போகும் கோடு என் முதல் கோட்டுக்குச் செங்குத்தா? போட்டுப் பார்த்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சொல்லுங்க!