ஒரு துலாக்கோலும் இரு தட்டுகளும்: அறிஞர் ஐராவதி கார்வே

முன்னுரை

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதும் நமக்கு, ஊரின் பெயரே ஒரு பொருத்தத்தை எடுத்துத் தருகின்றது. அமராவதி என்பது இந்திரனின் நகரம். அவன் ஏறும் யானை ஐராவதம். அந்த யானையின் பெயரோடு ஒலியொற்றுமை கொண்ட ஆறு ஒன்று பர்மாவில் ஓடுகின்றது. ஐராவதி என்னும் அவ்வாற்றின் பெயர் செட்டிநாட்டுப் பெரியவர்களுக்குப் புதிதன்று. நகரத்தார் பெருமக்கள் அவ்வாற்றின் கழிமுகத்து உழவர்க்குக் கடன் வழங்கித் தொழில் நடத்தினர். இராமநாதபுரக் கடற்கரை இஸ்லாமியப் பெருமக்களும் இரங்கூன் நகரில் வணிகம் செய்தனர். அங்கிருந்து வந்த தேக்குமரத் தூண்கள் இன்றும் நம் பகுதி வீடுகளைத் தாங்கி நிற்கின்றன.

அந்த ஆற்றின் பெயரையே தம் பெயராகக் கொண்ட பெண்மணி ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம். அவர் மானிடவியல் அறிஞர். மராத்தி இலக்கியம் போற்றும் எழுத்தாளர். தமிழ்த் துறையார் மலரில் மண்டையோட்டு அளவையும் புள்ளியியலும் எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். இரண்டு மனிதக் கூட்டங்களை ஒப்பிட்டு உயர்வு தாழ்வு கற்பிப்போர் எக்காலத்தும் உளர். அக்கற்பிதத்தைச் சான்றின் முன் நிறுத்தி வினவுவது எவ்வாறு என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது. அதுவே நம் விடை.

பிறப்பும் கல்வியும்

ஐராவதி 1905-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள மியிஞ்சான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கணேஷ் ஹரி கர்மார்க்கர் பொறியாளர். பர்மாவில் பருத்தி நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். மகளைப் படிக்க வைக்க விரும்பிய பெற்றோர், ஏழாம் அகவையிலேயே அவரைப் புனே நகரத்து ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே உடன் பயின்ற தோழியின் தந்தையார், ஃபெர்குசன் கல்லூரி முதல்வரும் கணித மேதையுமான பராஞ்சபே ஆவார். அவர் இல்லமே ஐராவதிக்கு இரண்டாம் இல்லமாயிற்று. நூல்கள் நிறைந்த அம்மனையில் வளர்ந்தமையால் எதையும் வினவி அறியும் வழக்கம் இளமையிலேயே படிந்தது.

1926-இல் மெய்யியலில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேரறிஞர் குர்யேவிடம் பயின்று 1928-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். இதனிடையே வேதியியல் ஆசிரியர் தினகர் கார்வேயை மணந்தார். தினகரின் தந்தையார், கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்கல்விக்கும் வாழ்வை ஈந்த மகரிஷி தோண்டோ கேசவ கார்வே ஆவார். 1916-இல் மகளிர் பல்கலைக்கழகம் கண்டவர். 1958-இல் பாரத ரத்னா விருது பெற்றவர். வியப்பு யாதெனில், அத்தகைய பெரியவரே மருமகள் மேற்படிப்புக்காகச் செருமனி செல்வதை விரும்பவில்லை. கணவரோ துணைநின்றார். 1928-ஆம் ஆண்டின் இறுதியில் ஐராவதி கப்பலேறினார்.

பெர்லினில் கிடைத்த பணி

பெர்லின் நகரில், கைசர் வில்ஹெல்ம் பெயரால் 1927-இல் நிறுவப்பெற்ற மானிடவியல் நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அதன் இயக்குநர் ஆய்கன் ஃபிஷர். மனித இனங்களுள் ஏற்றத்தாழ்வு உண்டென்று கருதியவர். கலப்பு மணத்தை எதிர்த்தவர். அவரிடம் ஒரு கோட்பாடு இருந்தது. ஐரோப்பியரின் மண்டையோடு இருபுறமும் ஒத்திராது, முன்மூளையின் வலப்பகுதி பெரிதாக அமைந்திருக்கும், பகுத்தறியும் ஆற்றலுக்கு அதுவே காரணம், ஏனைய இனத்தாரிடம் அவ்வமைப்பு இராது என்பது அக்கோட்பாடு. இதனை அளந்து நிறுவும் பணி இந்திய மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கே ஒரு கணம் நின்று எண்ணுதல் வேண்டும். பட்டம் வழங்கும் ஆசிரியர், தாம் விரும்பும் விடையை முன்னரே வைத்துக்கொண்டு வினாவைத் தருகின்றார். மாணவியோ அயல்நாட்டவர், அடிமை நாட்டிலிருந்து வந்தவர், அந்தக் கோட்பாட்டின்படியே தாழ்ந்த இனத்தவர். பட்டமின்றித் திரும்பினால் மாமனாரின் மறுப்பே சரியென்று ஊர் சொல்லும். ஆசிரியருக்கு உகந்ததை எழுதுவது எளிய வழி.

இரு தொகுதிகளை ஒப்பிடும் முறை

ஐராவதி கண்ட முடிவின் பெருமையை உணர, இரண்டு தொகுதிகளை ஒப்பிடும் முறையைச் சற்றே அறிந்துகொள்வோம். நம் ஊரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அமராவதிபுதூர் இளைஞர்கள் இளையான்குடி இளைஞர்களைவிட உயரமானவர்கள் என்று ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். இரண்டு ஊரிலும் உள்ள அனைவரையும் அளத்தல் இயலாது. ஆகவே விருப்பு வெறுப்பின்றி ஊருக்கு 50 பேரைத் தெரிந்தெடுத்து அளக்கின்றோம். ஊரார் அனைவரும் சேர்ந்தது முழுமைத் தொகுதி. அளந்த 50 பேர் மாதிரி.

இரண்டு சராசரிகளும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இரா. ஓர் ஊரிலேயே இருமுறை 50 பேரை எடுத்தாலும் சராசரி சற்று மாறத்தான் செய்யும். ஆகவே காணும் வேறுபாடு உண்மையானதா, தற்செயலாய் நேர்ந்ததா என்பதே வினா. அதற்கு விடைகாண, வேறுபாடு இல்லை என்றே முதலில் கொள்ளவேண்டும். இதற்கு இல் கருதுகோள் என்று பெயர். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரை நிரபராதியாகக் கொள்ளும் நீதிமன்ற நெறி போன்றது இது. மெய்ப்பிக்கும் கடமை வேறுபாடு உண்டென்று வாதிடுபவருடையது.

ஒவ்வோர் ஊரிலும் உயரத்தின் திட்ட விலக்கம் 6 சென்டிமீட்டர் என்று கொண்டால், 50 பேர் கொண்ட இரு மாதிரிகளின் சராசரி வேறுபாட்டுக்குத் திட்டப் பிழை 1.2 சென்டிமீட்டர் ஆகும். கண்ட வேறுபாடு 1 சென்டிமீட்டர்தான் எனில், அது ஒரு திட்டப் பிழைக்கும் குறைவு. தற்செயலே அதனை எளிதில் விளைவிக்கும். வேறுபாடு 4 சென்டிமீட்டர் எனில், அது மூன்று திட்டப் பிழைகளுக்கும் மேல். தற்செயல் என்று தள்ளுதல் அரிது. ஏறத்தாழ இரண்டு திட்டப் பிழை என்பதே வழக்கமான எல்லை. அவ்வெல்லையைக் கடந்தால், தவறாக முடிவுகட்டும் வாய்ப்பை நூற்றுக்கு 5 என்ற அளவில் ஏற்றுக்கொண்டு இல் கருதுகோளை விலக்குகின்றோம்.

மாணவர் மறக்கலாகாத இரண்டு செய்திகள் உள. எல்லையைக் கடவாவிடில் இரு ஊராரும் முற்றிலும் சமம் என்று நிறுவப்பட்டதாகாது. வேறுபாடு உண்டெனச் சொல்லச் சான்று போதவில்லை என்பதே பொருள். எல்லையைக் கடந்தாலும் உயரத்தில் வேறுபாடு என்பது மட்டுமே முடிவு. உயரத்தைக் கொண்டு அறிவையோ ஒழுக்கத்தையோ அளக்க அக்கணக்கு உரிமை தருவதில்லை.

சிறு மாதிரிகளை ஒப்பிடும் முறையை 1908-இல் ஸ்டூடண்ட் என்னும் புனைபெயரில் கோசெட் வெளியிட்டார். நேமன், எகான் பியர்சன் இருவரும் 1933-இல் கருதுகோள் சோதனைக்குக் கணித அடித்தளம் அமைத்தனர். ஐராவதி பெர்லினில் இருந்த காலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

149 மண்டையோடுகள்

அவர் அளந்தவை 149 மண்டையோடுகள். ஐரோப்பியருடையவையும், செருமானியக் குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பிற மக்களுடையவையும் அவற்றுள் இருந்தன. அப்பிற மக்களின் எலும்புகள் அவர்தம் உற்றாரின் இசைவு கேட்டு எடுத்துவரப்பட்டவை அல்ல. அவற்றைக் கையிலேந்தி அளந்த மாணவி கண்டது இதுதான்: இருபுறமும் சிறிது ஒவ்வாமை எல்லா மக்களின் மண்டையோட்டிலும் உண்டு, அஃது இனத்தைப் பொறுத்து அமைவதன்று. ஆசிரியரின் கோட்பாட்டுக்குச் சான்று கிட்டவில்லை.

அதனையே அவர் எழுதினார். ஆசிரியரின் பெரும்பெயருக்கு அஞ்சி எண்களை வளைக்கவில்லை. முனைவர் பட்டம் கிடைத்தது; ஆயினும் குறைந்த மதிப்பீடே அளிக்கப்பட்டதென்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1930-இல் தாயகம் திரும்பினார். மூன்றே ஆண்டுகளில் நாஜிக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. ஃபிஷர் 1933-இல் பெர்லின் பல்கலைக்கழகத் தலைவரானார். அவர் வளர்த்த இனக்கொள்கை, கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கும் பின்னர் நேர்ந்த பேரழிவுக்கும் துணைபோயிற்று. சான்றில்லாத கருதுகோள் ஆட்சியாளர் கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டா.

தாயகப் பணி

பம்பாயில் மகளிர் பல்கலைக்கழகப் பதிவாளராகச் சில ஆண்டு பணியாற்றிய ஐராவதி, 1939-இல் புனே தக்காணக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். காடும் மேடும் அலைந்து மக்களை அளந்தார். பொருளியல் அறிஞரும் புள்ளியியல் வல்லுநருமான தாண்டேகருடன் இணைந்து, மகாராட்டிர மக்களின் உடலளவு குறித்து 1951-இல் நூல் வெளியிட்டார். ஒரே சாதிப்பெயர் தாங்கிய உட்பிரிவுகள் ஒரு குலத்திலிருந்து பிரிந்தவை என்பது குர்யே முதலானோர் கருத்து. தனித்தனிக் குழுக்களே ஒரு பெயரின்கீழ் அருகருகே வாழ்கின்றன என்று ஐராவதி வாதிட்டார். முதலாசிரியரிடத்தும் சான்று கேட்கத் தயங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இதே காலத்தில் கல்கத்தாவில் மகலனோபிஸ், இரண்டு மக்கள் தொகுதிகளுக்கு இடையிலான தொலைவைப் பல அளவுகளையும் ஒருங்கே கொண்டு கணிக்கும் வழியை 1936-இல் வகுத்தார். அவர் பெயரால் உலகெங்கும் வழங்கும் அத்தொலைவும் மனித உடலளவு ஆய்விலிருந்து பிறந்ததே.

1953-இல் வெளிவந்த இந்திய உறவுமுறை பற்றிய ஐராவதியின் நூல் நமக்கு நெருக்கமானது. நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாக்கி, உறவுப் பெயர்களைத் திரட்டி ஒப்பிட்டார். வடநாட்டில் பெண் அயல்வீடு புகுகின்றாள். தென்னாட்டிலோ அத்தை மகன், மாமன் மகள் என்னும் உரிமை மணத்தால் அறிந்த வீட்டுக்கே செல்கின்றாள் என்னும் வேறுபாட்டை விளக்கினார். உறவுப் பெயர்களில் ஒரு சமூகமே பொதிந்து கிடப்பதைத் தமிழ் மாணவர் அந்நூலிற் காணலாம்.

எழுத்தும் வாழ்வும்

மகாபாரத மாந்தரைத் தெய்வ நிலையிலிருந்து இறக்கி மனிதராகக் கண்ட அவருடைய யுகாந்தா 1967-இல் வெளிவந்து, 1968-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பண்டரிபுர யாத்திரையில் அடியார்களோடு நடந்தவர், ஒரே இறைவனைப் பாடிச் சென்றவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து உண்டதைக் கண்டு வருந்தி எழுதினார். கோய்னா அணையால் இடம்பெயர்ந்த மக்களின் துயரையும் ஆய்ந்தார். புனே தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டிச் சென்ற பெண்மணி என்றும் அந்நகரத்தார் அவரை நினைவுகூர்வர். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மறைந்தார்.

நிறையும் குறையும்

அறிஞரைப் போற்றுதல் வேறு. குறையை மறைத்தல் வேறு. இந்தியச் சமூகத்தை அவர் பெரிதும் வடமொழி நூல்களின் வழியாகவும் இந்து சமூகத்தை நடுவாக வைத்தும் நோக்கினார். முஸ்லிம்கள் முதலான பிற சமூகத்தார்க்கு உரிய இடம் அதில் அமையவில்லை என்று பிற்கால ஆய்வாளர் சுட்டியுள்ளனர். பெர்லினில் கற்ற உடலளவுக் கருவிகளை இந்தியச் சாதிகளின்மேல் நெடுங்காலம் கையாண்டதையும் வினவியுள்ளனர். இவ்வினாக்கள் முறையானவை. இஸ்லாமியர் நடத்தும் கல்லூரியின் மலரில் எழுதும் நாம் இவற்றை மூடிவைத்தல் நேர்மையாகாது. அதுபோலவே, இக்குறைகளைக் காட்டி பெர்லின் நேர்மையைக் குறைத்துரைத்தலும் முறையாகாது. சொல்பவர் யாரென நோக்காது சொல்லின் உண்மையைக் காண்பதே அறிவென்று வள்ளுவர் நமக்குக் கற்பித்துள்ளார்.

நிறைவுரை

மக்கள் பல குலங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருமறை உணர்த்தும் கருத்து. நிறத்தாலோ பிறப்பாலோ எவர்க்கும் ஏற்றமில்லை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் வலியுறுத்தினார்கள். அந்த அறத்துக்கு மண்டையோட்டுக் கணக்கின் துணை தேவையில்லை. அளவில் வேறுபாடு கண்டிருந்தாலும் மனித மாண்பு குறைந்திராது. ஆயினும் அறிவியலின் பெயரால் ஒரு கூட்டத்தைத் தாழ்த்த முற்படுவோர் முன்னே, சான்று எங்கே என்று கேட்கும் கல்வி நமக்கு வேண்டும்.

நம் மாணவர் நாளை ஆசிரியராகலாம், அலுவலராகலாம். இந்த ஊரார் இப்படி, அந்தச் சமூகத்தார் அப்படி என்னும் சொல் அவர்தம் செவியில் விழும். அப்போது எத்தனை பேரை அறிந்து இதனைச் சொல்கின்றனர், தற்செயலை நீக்கிப் பார்த்தனரா என்று வினவுவாராக. தம் சமூகத்துக்கு உகந்த கூற்றாயினும் அவ்வாறே வினவுவாராக. 149 மண்டையோடுகளின் முன் நின்ற இளம்பெண் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.