தந்தை செல்வாவின் கடிதக்கட்டுகள்

மார்ச் 31 பிறந்த தினம். ஏப்ரல் 26 நினைவு தினம். இந்த இரண்டு நாட்களிலும் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு அருகிலுள்ள தந்தை செல்வா நினைவுத் தூபியில் மாலை அணிவிப்பார்கள், பேச்சு நடக்கும், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அவருடைய கடிதங்களும் கோப்புகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று அங்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் போன வருடம் என்னிடம் கேட்டார். கனடாவில் என்றேன். அவர் நம்பவில்லை.

உண்மைதான். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாக நூலகத்தில் சா.ஜே.வே. செல்வநாயகம் தொகுப்பு என்ற பெயரில் அவை பாதுகாக்கப்படுகின்றன. கடிதங்கள், கட்சி ஆவணங்கள், புகைப்படங்கள், பத்திரிகை நறுக்குகள் என்று குடும்பத்தவர்கள் கையளித்தவை. படமெடுத்து இணையத்திலும் இட்டிருக்கிறார்கள். தெல்லிப்பழையில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்.

நான் நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். பழைய தாள்களைத் தூசு தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, பெட்டியில் அடுக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. அரசியல்வாதி ஒருவரை மேடையில் பார்ப்பதைவிட அவருடைய கோப்பில் பார்ப்பதே எனக்குப் பழக்கம். செல்வநாயகம் அப்படிப் பார்க்கத் தக்கவர். சுயசரிதை எழுதாதவர், குரல் மெலிந்தவர், கூட்டத்தைக் கிளர்த்தும் பேச்சு வராதவர். ஆனால் நாற்பது வயதுக்குப் பின் அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாவற்றின் அடியிலும் ஒரு தாள் கிடக்கிறது. ஒப்பந்தம், கடிதம், இராஜினாமா, தீர்மானம், துண்டுப்பிரசுரம்.

பிறந்தது 1898 இல், மலாயாவின் ஈப்போ நகரில். சிறுவயதிலேயே தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். யூனியன் கல்லூரி, சென். ஜோன்ஸ், பின்னர் கொழும்பில் பரி. தோமா கல்லூரி. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் எடுத்தது விஞ்ஞானத்தில் என்பது பலருக்குத் தெரியாது. ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து வழக்கறிஞரானார். குற்றவியல் வழக்குகளில் நின்று வாதாடிப் பெயரெடுத்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். செல்வநாயகம் சிவில் சட்டக்காரர். சிவில் வழக்கில் வாய்ச்சாதுரியத்தைவிட ஆவணம் பேசும். எழுதிக் கையெழுத்து வைத்ததை மற்றவன் மதிப்பான், மதிக்காவிட்டால் கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் இருக்கும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. அந்த நம்பிக்கையோடுதான் அவர் அரசியலுக்கு வந்தார் என்று நான் நினைக்கிறேன்.

1947 இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகக் காங்கேசன்துறையில் வென்றார். அடுத்த ஆண்டு மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. பொன்னம்பலம் அரசாங்கத்தோடு சேர, செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் வைத்தியர் இ.மு.வி. நாகநாதனும் பிரிந்தார்கள். 1949 டிசம்பர் 18 ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956 இல் திரும்பி வந்தார். அந்த ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்ட கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் அது பாடப்புத்தகத்துக்கு முன்னமே சொல்லப்பட்ட கதை.

1957 ஜூலை 26 இல் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். பிரதேச சபைகள், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்தில் சபைகளுக்கு அதிகாரம். ஒன்பது மாதமும் நிறையவில்லை. 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி பிக்குகள் பிரதமரின் றோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்படும் என்று வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை, எழுத்தில் கேட்டார்கள். பண்டாரநாயக்க எழுதிக் கொடுத்தார். எழுதிய ஒப்பந்தத்தை எழுதியே முறித்த அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம், அந்தச் சிவில் சட்டக்காரரின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பேன். அடுத்த மாதம் கலவரம் வந்தது.

1965 மார்ச் 24 இல் டட்லி சேனாநாயக்கவுடன் இரண்டாவது ஒப்பந்தம். அது அப்போது பகிரங்கமாக வெளியிடப்படவே இல்லை. 1968 இல் மாவட்ட சபைத் திட்டமும் கைவிடப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களின் இறுதி வடிவம் இன்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காதவை இடையில் எழுதப்பட்ட வரைவுகள், அடித்துத் திருத்திய சொற்கள், முதல்நாள் இரவு வந்த குறிப்புகள். எந்தச் சொல்லுக்காக எவர் விட்டுக்கொடுத்தார் என்பது அங்கேதான் தெரியும். ஒரு தலைவரின் தாள்களைக் காப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒருவருடைய தாள்கள் காப்பகத்துக்கு வரும்போது புதிதாக வந்தவர்கள் செய்ய நினைப்பது, எல்லாவற்றையும் குவித்துத் திகதி வாரியாகப் பிரிப்பது. அது கூடாது. அவர் எப்படிக் கட்டிவைத்தாரோ அந்தக் கட்டு குலையக் கூடாது. ஒரு ஆசிரியரின் இடமாற்ற முறைப்பாடும் ஒரு அமைச்சரின் கடிதமும் ஒரே கோப்பில் இருந்தால், அந்த முறைப்பாட்டுக்காகவே அமைச்சருக்கு எழுதப்பட்டது என்று புரியும். பிரித்துவிட்டால் இரண்டும் ஊமை. பிறகு துருப்பிடித்த ஊசிகளை நீக்கி, மடிப்பை மெதுவாக விரித்து, அமிலமில்லாத உறையில் இட்டு, உறைக்கு இலக்கம் போட்டு, அந்த இலக்கத்தைப் பட்டியலில் ஏற்றவேண்டும். பட்டியல் இல்லாத காப்பகம் பூட்டிய அறைதான். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் இருக்கும் தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைப்பதும் உண்டு. எங்கள் நாட்டில் இது இன்னும் கூடுதலாகப் பார்க்கவேண்டிய விஷயம். ஒரு பெயர் ஒரு பட்டியலில் இருந்ததற்காகவே ஆட்கள் காணாமல் போன மண் இது.

ஒரு காப்பகத்தால் செய்யமுடியாத காரியமும் இருக்கிறது. ஒருவருடைய கோப்பில் பெரும்பாலும் இருப்பது அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதி அனுப்பியது, தட்டச்சுப் பிரதி வைத்திருந்தால் ஒழிய, பெற்றவர் வீட்டில் இருக்கும். செல்வநாயகத்துக்கு எழுதியவர்கள் தெல்லிப்பழையிலும் மூதூரிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

என் பெரியப்பா தமிழரசுக் கட்சிக்காரர். 1961 பெப்ரவரியில் யாழ் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர். அந்த ஏப்ரல் 14 இல் கட்சி சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி முத்திரையும் வெளியிட்டது. மூன்று நாளில் அவசரகாலச் சட்டம், இராணுவம், செல்வநாயகம் உட்படத் தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுப்புக்காவல். பெரியப்பா அந்த முத்திரை ஒட்டிய உறை ஒன்றையும், பிறகொரு காலத்தில் தலைவரிடமிருந்து வந்த பதில் கடிதம் ஒன்றையும், ‘சுதந்திரன்’ பத்திரிகைக் கட்டொன்றையும் றங்குப்பெட்டியில் வைத்திருந்தார். எண்பதுகளில் சுற்றிவளைப்பு வரும் என்ற பயத்தில் பெரியம்மா பத்திரிகைகளை அடுப்பில் வைத்தார். ஆம்பிளைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்த வீடு, அவரைக் குறைசொல்ல ஏலாது. உறையும் கடிதமும் தப்பின. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோது காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் ஒரு உரப்பையில் எடுத்தோம். றங்குப்பெட்டி பாரம் என்று விட்டுவிட்டோம். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. விடப்பட்ட பின் போனால் கூரை இல்லை, நிலைகள் இல்லை, கிணற்றைச் சுற்றிக் காடு. பெட்டியைத் தேடவும் மனம் வரவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பெரியப்பா. அவர் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்துபோனார்.

செல்வநாயகத்தின் கடைசிப் பத்து ஆண்டுகள் பார்க்கின்சன் நோயோடு கழிந்தவை. கை நடுங்கும், குரல் வெளியே வராது. பல கூட்டங்களில் அவர் சொல்வதை அருகில் நின்றவர்கள் கேட்டு உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அவருடைய மிகக் கடுமையான தாள்கள் எழுதப்பட்டன. புதிய குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று நிரூபிக்க 1972 ஒக்டோபரில் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் வைத்துப் பார்க்கும்படி அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் தேர்தலை வைக்கவே இல்லை. 1975 பெப்ரவரி 6 இல் வைத்தபோது 25,927 வாக்குகள் பெற்று, 16,470 மேலதிக வாக்குகளால் வென்றார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். சமஷ்டி கேட்டுக் கட்சி தொடங்கியவர் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் மாறிய பாதையைப் புரிந்துகொள்ள அந்தத் தீர்மானத்தை மட்டும் வாசித்தால் போதாது. அதற்கு முன் முறிந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும்.

ஒரு வாரம் கழியவில்லை, அமிர்தலிங்கமும் வேறு தலைவர்களும் கைதானார்கள். குற்றம் துண்டுப்பிரசுரம் விநியோகித்தது. மேல்நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கில் அவர்களுக்காகத் தோன்றிய ஏராளமான வழக்கறிஞர்களில் செல்வநாயகமும் பொன்னம்பலமும் இருந்தார்கள். 1948 இல் பிரிந்த இருவரும் ஒரே பக்கத்து மேசையில். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பொன்னம்பலம் போனார், ஏப்ரலில் செல்வநாயகம் போனார். வயது 79.

அதற்குப் பின் நான்கு ஆண்டுகளில் 1981 ஜூன் 1 விடிவதற்குள் யாழ் நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நாட்களிலேயே ஈழநாடு அச்சகமும், தமிழர் விடுதலைக் கூட்டணியின் யாழ் அலுவலகமும், பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் எரிக்கப்பட்டதை நாம் குறைவாகவே பேசுகிறோம். கட்சி அலுவலகத்தில் இருந்த கோப்புகளுக்குக் கணக்கு எதுவும் இல்லை. இந்தத் தாள்களும் யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால்? நான் கேட்க விரும்பாத கேள்வி. செல்வநாயகத்தின் மருமகன் பேராசிரியர் ஏ.ஜெயரத்தினம் வில்சன் 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1994 இல் மாமனாரின் அரசியல் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். குடும்பத்தின் கையில் தாள்கள் தப்பியிருந்தன, பின்னர் ஸ்காபறோவுக்குப் போயின. தூரம் போனது வருத்தம்தான். ஆனால் நனையாமல், கறையான் தின்னாமல், ஒருவரும் அடுப்பில் வைக்காமல் இருக்கின்றன. மூலத் தாளை இங்கே கொண்டுவா என்று கோருவதை விட, அதன் பட்டியலைத் தமிழில் விரிவாகச் செய்ய உதவுவது இப்போதைக்கு உபயோகமான வேலை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மற்றப் பாதி இங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு பழைய கடிதமோ, சந்தாப் பற்றுச்சீட்டோ, சத்தியாக்கிரகப் படமோ தப்பியிருந்தால் லமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். கைத்தொலைபேசியில் பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை உலர்ந்த இடத்தில் வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற இடங்களுக்குப் படியைக் கொடுக்கலாம். கொடுக்க விருப்பமில்லையென்றாலும் பரவாயில்லை, வைத்திருங்கள்.

புகைப்படங்களுக்கு இன்னொன்று. தலைவரைச் சுற்றி நிற்கும் ஆட்களின் பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், ஓரமாக எழுதுங்கள். பேனை வேண்டாம். நடுவில் இருப்பவரின் பெயர் எந்தக் காப்பகத்துக்கும் தெரியும். பின்வரிசையில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்பவர் யார் என்று தெரிந்த ஒருவர் இன்றைக்கு எங்கள் ஊரில் இருந்தால், அவருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். கோயில் திருவிழாவுக்கு வரும்போது படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணாடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.