தோற்றவரே உள்துறை அமைச்சர்: ஹக்கின் 1937 கூட்டணி

'வங்கப் புலி' எனப்பட்ட ஏ.கே. பஸ்லுல் ஹக் (1873-1962), ஜமீன்தார்களுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகளைத் திரட்டிய வழக்கறிஞர். 1937 வங்க மாகாண சட்டப்பேரவைத் தேர்தலில், பட்டுவாகாலி தொகுதியில் முஸ்லிம் லீகின் குவாஜா நஜிமுதீனைத் தோற்கடித்தார்.

எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஹக் முதலில் நாடியது காங்கிரஸைத்தான். விவசாயிகள் பிரச்னைக்கா, அரசியல் கைதிகள் விடுதலைக்கா, எதற்கு முன்னுரிமை என்பதில் பேச்சு முறிந்தது. காங்கிரஸ் சற்று விட்டுக்கொடுத்திருக்கலாம். லீகுடன் சேர்ந்து பிரதமரானார் ஹக். மாகாண முதல்வருக்கு அன்று அதுவே பதவிப்பெயர். இடைத்தேர்தலில் வென்று வந்த நஜிமுதீனே அவரது உள்துறை அமைச்சர்!

1940-இல் லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்த ஹக், மறு ஆண்டே லீகைப் பிரிந்து சியாமா பிரசாத் முகர்ஜியுடன் ஆட்சி அமைத்தார். 1954-இல் கிழக்கு வங்கத் தேர்தலில் அவரது ஐக்கிய முன்னணி லீகைத் துடைத்தெறிந்தது.