கோழிக் கட்டியும் 55 வருஷக் காத்திருப்பும்: பெய்டன் ரௌஸ்

இந்த மாத விஞ்ஞானி ஒரு கோழியால் பேர் வாங்கியவர். சிரிக்காதீங்க, உண்மைதான்.

பெய்டன் ரௌஸ் 1879 அக்டோபர் 5-ல் அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டருக்குப் படிக்கும்போது, பிணப் பரிசோதனை செய்கையில் விரலில் காயம் பட்டு, அதன் வழியாகக் காசநோய் தொற்றிக்கொண்டது. அக்குளில் ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு தேற டெக்சாஸுக்குப் போய், ஒரு வருஷம் குதிரை மேல் உட்கார்ந்து மாடு மேய்த்தார்! திரும்பி வந்து 1905-ல் பட்டம் வாங்கினார். ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

1909-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவரிடம் ஒரு கோழி வந்தது. பிளைமவுத் ராக் சாதி, உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு. நெஞ்சில் பெரிய கட்டி. அந்தக் கட்டியில் கொஞ்சம் வெட்டி அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறு கோழிக்கு வைத்தார். அங்கேயும் வளர்ந்தது. அதோடு விடவில்லை. கட்டியை அரைத்து, செல்லும் பாக்டீரியாவும் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரை மட்டும் ஊசி போட்டார். அப்பவும் கட்டி வந்தது! செல்லே இல்லாத தண்ணீரில் எதுவோ இருக்கு என்று 1911-ல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31.

யாரும் நம்பவில்லை. அது கேன்சரே இல்லை என்றார்கள் சிலர். வடிகட்டியில் செல் தப்பியிருக்கும் என்றார்கள் சிலர். எலியில் இதே மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் தேடினார், கிடைக்கவில்லை. 1915 வாக்கில் மனசு விட்டுப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதுவும் வீண் போகலை. எடுத்த ரத்தத்தைக் கெடாமல் வைக்க சர்க்கரையும் சிட்ரேட்டும் கலந்த கரைசலை டர்னர் என்பவரோடு கண்டுபிடித்தார். முதல் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்கள் அதனால் பிழைத்தார்கள். 1934-ல் முயலுக்கு வரும் வைரஸ் மருக்கள் வழியாகத்தான் மறுபடி புற்றுநோய் ஆராய்ச்சிக்கே வந்தார்.

நோபல் பரிசுக்கு அவர் பேரை முதலில் சொன்னது 1926-ல். கொடுத்தது 1966-ல்! அப்போது வயது 87. அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் நோபல் வாங்கிவிட்டார் என்றால் பார்த்துக்கோங்க.

சரி, அந்தத் தண்ணீரில் என்னதான் இருந்தது? ஒரு வைரஸ். அதற்குள் சார்க் என்று ஒரு ஜீன். 1976-ல் பிஷப், வார்மஸ் குழு அதை ஆராய்ந்தபோது தூக்கிவாரிப்போட்டது. அது வைரஸின் சொந்தச் சொத்தே இல்லை, நோயில்லாத கோழியின் செல்லிலேயே இருக்கிற ஜீன்! வைரஸ் என்றைக்கோ அதைத் திருடியிருக்கிறது. திருடியதில் பிரேக் போடும் பகுதி மட்டும் போய்விட்டது.

சார்க் அனுப்பும் 'வளரு' என்ற சேதி கடைசியில் போய்ச் சேருவது செல்லின் உட்கருவில் உள்ள படியெடுத்தல் காரணிகளிடம். இது என்னடா புதுப் பேரு என்று பயப்படாதீங்க. டி.என்.ஏ.வை ஒரு லைப்ரரி என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் புத்தகமும் இருக்கு. இன்றைக்கு எந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கணும் என்று முடிவு பண்ணும் புரதங்கள்தான் இவை. முட்டியில் அடிபட்டால் 'பிரிந்து பெருகு' பக்கம் நகலாகும். புண் ஆறியதும் நின்றுவிடும். நிற்காமல் நகல் எடுத்துக்கொண்டே இருந்தால் அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும். மிக், ஜுன் என்ற இரண்டு காரணிகளும் கோழி வைரஸ்களில்தான் முதலில் அகப்பட்டன. ஜுன் இருந்த வைரஸின் நம்பர் 17. ஜப்பான் மொழியில் 17-க்கு ஜுனானா, அதிலிருந்து வந்த பேரு! இதற்கு நேர் எதிர் வேலை பார்ப்பது பி53. 'நிறுத்து' பக்கத்தை நகல் எடுக்க வைக்கிற காரணி. மனிதர்களின் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது கெட்டுப்போயிருக்கிறது.

(ரௌஸின் வைரஸ் மனுஷங்களுக்கு நோய் தராது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு ஆபத்தில்லை.)

எனக்கு ஆச்சரியம் எது தெரியுமா? ஜீன் மாறுவதால்தான் புற்றுநோய் வருகிறது என்பதை ரௌஸே ஒத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு வாங்கியபோது பேசிய பேச்சிலும் அதை மறுத்தார். ஊரே நம்பாததைக் கண்டுபிடித்தவர், அதற்குள்ளே இருந்த விடையை நம்பவில்லை. பிஷப், வார்மஸ் கண்டுபிடித்ததை அவர் பார்க்கவும் இல்லை. 1970 பிப்ரவரி 16-ல், தன் 90-ஆவது வயதில், வயிற்றில் வந்த புற்றுநோயால் இறந்துபோனார்.