மதிப்பெண் இட்ட மகாத்மா

பள்ளியில் சேர்ந்த நாள்தொட்டு நாம் மதிப்பெண்ணோடு வாழ்ந்து வருகிறோம். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கெலமங்கலத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் எங்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம், சிலருக்கு உருது. தமிழைப் பள்ளியில் எழுத்துக்கூட்டிக் கற்றவர்கள் நாங்கள். என்னுடன் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் ஒரே கட்டுரையை மூன்று முறை எழுதினான். முதன்முறை இருபது பிழைகள். மூன்றாம் முறை ஏழு பிழைகள். மூன்று முறையும் அவனுக்குக் கிடைத்தது பத்துக்கு மூன்று. அவன் பள்ளிப் படிப்போடு நின்று, தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். அவன் குறைத்த பதின்மூன்று பிழைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசிரியரின் நினைவு வருகிறது. அவரை நாட்டின் விடுதலைக்கு வழிகாட்டிய தலைவராக உலகம் அறியும். ஆனால் அவர் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்பதையும், விடைகளுக்குத் தம் கையால் மதிப்பெண் இட்டவர் என்பதையும் பலர் அறியார். அவர்தாம் அண்ணல் காந்தியடிகள்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், ராஜ்கோட்டில் பள்ளிக் கல்வி பயின்றார். வகுப்பில் அவர் முதல்வரும் அல்லர், கடையரும் அல்லர். உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் கல்வி ஆய்வாளர் ஒருவர் வந்து, ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதப் பணித்தார். அவற்றுள் கெட்டில் என்ற சொல்லைச் சிறுவர் மோகன்தாஸ் பிழையாக எழுதிவிட்டார். அருகிலுள்ள மாணவனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் தம் காலணி முனையால் குறிப்புக் காட்டினார். பார்த்து எழுதாமல் தடுப்பதற்கே ஆசிரியர் நிற்கிறார் என்று நம்பிய சிறுவருக்கு அக்குறிப்பு விளங்கவே இல்லை. அன்று ஐந்து சொற்களையும் சரியாக எழுதாதவர் அவர் ஒருவரே. அன்றைய விளைவை மட்டும் பார்த்தால் வகுப்பில் அவரே கடைசி. அவருடைய நேர்மைக்கு இட அங்கே மதிப்பெண் எதுவும் இல்லை.

ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அவருக்கு மாதம் நான்கு ரூபாயும் பத்து ரூபாயும் உதவித்தொகை கிடைத்தன. அதைத் தம் திறமைக்குக் கிடைத்த பரிசாக அவர் கருதவில்லை. அந்த உதவி சோரத் பகுதி மாணவருக்கு மட்டுமே உரியது. அப்பகுதியிலிருந்து வந்தவர் வகுப்பில் மிகச் சிலரே. ஆகவே அது நல்வாய்ப்பால் வந்தது என்றே பின்னாளில் தம் வரலாற்றில் குறித்தார். தம் கையெழுத்தின் அழகின்மையை எண்ணி வாழ்நாள் முழுதும் நாணினார். எழுத்துக்கு முன் சித்திரம் பழகினால் கை திருந்தும் என்பது பட்டறிவால் அவர் கண்ட முடிவு. வடமொழி கடினம் என்று அஞ்சி அவர் பாரசீக வகுப்புக்கு மாறியபோது, வடமொழி ஆசிரியர் அவரை அன்போடு திரும்ப அழைத்துக்கொண்டார். அந்த ஆசிரியரின் பரிவை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

1887-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதினார். அவர் பெற்ற மதிப்பெண்கள் 625-க்கு 247½. நூற்றுக்கு நாற்பதை ஒட்டிய அளவு! பவநகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்து, பாடங்களைப் பின்பற்ற இயலாமல், ஒரே பருவத்தோடு திரும்பினார். 1888-இல் இலண்டன் சென்று, 1891-இல் பாரிஸ்டராகி வந்தார். பம்பாயில் வழக்குகள் வாராத நாளில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, ஊதியம் 75 ரூபாய் என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்ற காரணத்தால் அவ்வேலை கிடைக்கவில்லை. பின்னாளில் ஒரு நாட்டுக்கே கல்வித் திட்டம் வகுத்தவர், பட்டம் இல்லாமையால் ஒரு மணி நேர ஆசிரியர் வேலைக்குத் தகுதியற்றவரானார்!

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் அங்குள்ள தமிழ் ஒப்பந்தத் தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார். 1904-இல் டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் குடியிருப்பை நிறுவினார். அறப்போரில் சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. 1910-ஆம் ஆண்டு, ஜோகானஸ்பர்க்கிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தை அவருடைய நண்பர் காலன்பாக் கொடுத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை.

பண்ணையில் பிள்ளைகள் இருந்தனர். சம்பளம் கொடுத்து ஆசிரியரை வைக்கப் பொருள் இல்லை. ஆகவே காந்தியடிகளே ஆசிரியரானார். அவ்வகுப்பை நம் ஊர் வகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், குஜராத்தி பேசுவோர், இந்தி பேசுவோர் என அனைவரும் ஒரே இடத்தில் அமர்ந்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் பார்சிகளும் இருந்தனர். வயதும் ஒன்றன்று, அறிவு நிலையும் ஒன்றன்று. காலையில் மண் கொத்துதலும் சமையலும் பிற உடலுழைப்பும். பகலுணவுக்குப் பின்னரே பாடம். களைப்பால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் கண் சொருகும். கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடம் தொடரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும், முஸ்லிம் பிள்ளைகளுக்கு உருதும் அவரே கற்பித்தார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் கைந்நூலைக் கொண்டு கற்ற தமிழே அவருக்குத் தெரிந்த தமிழ். பேச்சில் மாணவர் அவரைவிட வல்லவர். எழுதப் படிக்க அறியாதோருக்கு அவர் எழுத்தைக் கற்பித்தார். தம் அறியாமையை அவர் அவர்களிடம் ஒருபோதும் மறைக்கவில்லை. அதனால் மாணவர் அவரை இகழவில்லை, நேசித்தனர்.

1913-இன் தொடக்கத்தில் பண்ணைப் பள்ளி பீனிக்ஸுக்கு மாறியது. அங்கே அவர் மதிப்பெண் இட்ட முறையை உடனிருந்தோர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளனர். வகுப்பு முழுமைக்கும் ஒரே வினாவைக் கொடுப்பார். நல்ல விடை எழுதியவனுக்குச் சில வேளைகளில் குறைந்த மதிப்பெண் விழும். அவனைவிடத் தாழ்ந்த விடை எழுதியவனுக்கு மிகுந்த மதிப்பெண் கிடைக்கும். பிள்ளைகள் திகைத்தனர், சிலர் வருந்தினர். காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிட்டு, இவன் அறிவாளி, அவன் மந்தன் என்று முத்திரை குத்துவது அவர் நோக்கமன்று. நேற்றைய நிலையிலிருந்து இன்று ஒவ்வொருவனும் எவ்வளவு முன்னேறினான் என்பதையே அவர் அளந்தார். தன்னைவிடத் தளர்ந்தவனோடு தன்னை ஒப்பிட்டு மகிழும் கூர்மதியாளன் செருக்குற்று, உழைப்பைக் கைவிட்டு மழுங்கிப் போவான் என்றும் அவர் எச்சரித்தார்.

இம்முறை இரு சாராருக்கும் நன்மை பயப்பது. தளர்ந்தவனுக்கு ஊக்கம், வல்லவனுக்கு உழைப்பு. ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு இக்கருத்து புதியதன்று.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் கூறாவிடில் இவ்வரலாறு முழுமை பெறாது. பண்ணையின் வாயிலைத் தாண்டினால் உலகம் வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. தம் மக்களுக்குப் பள்ளிக் கல்வியைப் போதிய அளவு தரவில்லை என்ற குறை அவர்களுக்கு உண்டு என்பதைக் காந்தியடிகளே ஒப்புக்கொண்டு எழுதியுள்ளார். மூத்த மகன் ஹரிலாலுக்கும் தந்தைக்கும் இடையே விழுந்த பிளவுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. தந்தை கண்ட முன்னேற்றம் மகனுக்குச் சான்றிதழாக உதவவில்லை.

காந்தியடிகளும் தரத்தைப் புறக்கணித்தவர் அல்லர். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில், மாணவர் கைத்தொழிலால் செய்யும் பொருள்கள் விலைபோகக் கூடியவையாக இருத்தல் வேண்டும், அவ்வருவாய் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்று விரும்பினார். விலைபோகும் நூலை நூற்க முயற்சி மட்டும் போதாது. நூல் அறுபடாமலும் இருக்க வேண்டும். முயற்சிக்கு மதிப்பளித்தவரே தரத்தையும் கேட்டார். ஆதலின், முயற்சிக்கு மதிப்பெண் இடுவது என்றால் பிழையைப் பிழையன்று என்று சொல்வது என்பது பொருளன்று. பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டவும் வேண்டும். நேற்றைவிட இன்று சுழிகள் குறைந்திருந்தால் அதைச் சொல்லவும் வேண்டும்.

மற்றோர் உண்மையும் உண்டு. விடையைக் காண்பது எளிது; முயற்சியைக் காண்பது அரிது. காந்தியடிகள் மாணவரோடு மண் கொத்தினார், ஒரே பந்தியில் உண்டார். ஆகவே யார் எவ்வளவு உழைத்தார் என்பதை அறிந்திருந்தார். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் அதை எதிர்பார்ப்பது கடினமே. ஆனால் ஒன்று இயலும். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாணவன் எழுதிய கட்டுரையையும் ஆண்டின் முடிவில் எழுதிய கட்டுரையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தரத்துக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள் இடலாம். முதலாவது உலகத்துக்கு, இரண்டாவது மாணவனுக்கு.

காந்தியடிகள் 1948 சனவரி 30-இல் மறைந்தார். அவருக்கும் நம் பகுதிக்கும் உறவு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த மூதறிஞர் இராஜாஜியின் மகள் இலட்சுமி, 1933-இல் மணந்தது காந்தியடிகளின் கடைசி மகன் தேவதாசை. பீனிக்ஸ் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுள் தேவதாசும் ஒருவர்.

என் நண்பன் இப்போது சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்க்கிறான். சென்ற பொங்கலுக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். ஒரு முழுப் பக்கம். எண்ணிப் பார்த்தேன், மூன்றே பிழைகள். யாரும் மதிப்பெண் இடாத அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.