திருவண்ணாமலை டு சிலிக்கான் வேலி... கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் அடைத்து விற்ற ஆடம் ஆஸ்போர்னின் கதை!

உங்க கையில இருக்கிற போனை ஒரு நிமிஷம் பாருங்க. ஸ்கிரீன் எப்படியும் 6 இன்ச்சைத் தாண்டியிருக்கும். எடை 200 கிராம் சொச்சம். பாக்கெட்ல போட்டுக்கிட்டு பாண்டி பஜார் முழுக்கச் சுத்தலாம். இப்போ 5 இன்ச் ஸ்கிரீனும் 11 கிலோ எடையும் உள்ள ஒரு கம்ப்யூட்டரைக் கற்பனை பண்ணுங்க. பார்க்கத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். தூக்கிட்டு ரெண்டு தெரு நடந்தா தோள்பட்டை கழன்டுடும். ஆனா, 1981-ல் அதை வாங்கத்தான் அமெரிக்காவே க்யூவில் நின்றது.

அந்தப் பெட்டியை விற்றவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். பேரைப் பார்த்து யாரோ ஒரு வெள்ளைக்காரர்னு கடந்து போயிடாதீங்க. அவர் ஓடி விளையாடி வளர்ந்தது நம்ம திருவண்ணாமலையில். கண்ணை மூடியது கொடைக்கானலில். நடுவில் இருந்த வாழ்க்கை, ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை காப்பியடிப்பது சரியா, தப்பா என்ற கேள்வியிலேயே ஓடியது.

மலையடிவாரத்தில் ஒரு பையன்

ஆடம் பிறந்தது 1939 மார்ச் 6, பாங்காக்கில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் பிரிட்டிஷ்காரர். பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அம்மா லூசியா, போலந்துக்காரர். ரெண்டு பேருக்கும் ரமண மகரிஷி மேல் ஈடுபாடு வர, லூசியாவும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமம் பக்கத்திலேயே தங்கினார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர் ஆசியாவுக்குப் பரவியது. பாங்காக்கில் இருந்த ஆர்தர், ஜப்பானியர்களிடம் கைதியாகச் சிக்கினார். போர் முடியும்வரை அப்பா இல்லாமல்தான் அந்தக் குடும்பம் அருணாசல மலையடிவாரத்தில் நாளைக் கடத்தியது.

1945-க்குப் பிறகு அப்பா திரும்பி வந்தார். பின்னாளில் ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியதும், 1964-ல் 'தி மவுன்டெய்ன் பாத்' இதழைத் தொடங்கியதும் இவர்தான். ஆடம் கொஞ்ச காலம் கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்தார். 11 வயதில் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டரேட், அப்புறம் ஷெல் ஆயில் கம்பெனியில் வேலை. வீட்டில் சொல்லிப் பெருமைப்படக்கூடிய லைஃப்தான். ஆனா, மனுஷருக்கு அந்த வேலை ஒட்டவில்லை. வெளியே வந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டருக்கு முன்னாடி புத்தகம்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எப்படி இருந்தது? நம்ம அடையாறு பக்கத்தில் இருக்கிற ஐ.ஐ.டி மெட்ராஸையே எடுத்துக்குங்க. 1973-ல் அங்கே வந்த ஐ.பி.எம் 370, தனி ஹாலையே அடைத்துக்கொண்ட மெஷின். அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் மைக்ரோபிராசஸர் என்ற குட்டி சிப் சந்தைக்கு வந்திருந்தது. அதை வைத்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்ய முடியும்னு ஒரு கூட்டம் கிளம்பியது. ஆனா, எப்படி செய்வது என்று புரியும்படி சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆஸ்போர்ன் அந்த இடத்தில் புகுந்தார். மைக்ரோ கம்ப்யூட்டர் பற்றி அறிமுகப் புத்தகம் ஒன்றை எழுதி, தானே அச்சடித்து, கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களில் கொண்டுபோய் விற்றார். அது சக்கைப்போடு போட்டது. 1979-ல் மெக்ரா-ஹில் நிறுவனம் அவருடைய பதிப்பகத்தையே வாங்கிக்கொண்டது. பத்திரிகைகளில் காலம் எழுதி, கம்ப்யூட்டர் கம்பெனிகளை வறுத்தெடுக்கிற வேலையையும் அவர் விடவில்லை. ஊரையெல்லாம் குறை சொல்றவர் தானே ஒண்ணு செஞ்சு காட்டட்டுமேன்னு நமக்கே தோணும் இல்லையா? காட்டினார்.

தையல் மெஷின் சைஸில் ஒரு புரட்சி

லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற இன்ஜினீயரைக் கூட்டணி சேர்த்துக்கொண்டு, 1981 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தினார். நடுவில் குட்டி ஸ்கிரீன், ரெண்டு பக்கமும் ஃபிளாப்பி டிரைவ். கீபோர்டை மடக்கினால் அதுவே மூடி. விமானத்தில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். மெமரி 64 கே.பி. உங்க போன்ல 8 ஜி.பி ரேம் இருந்தா, அது இதைப் போல சுமார் 1,31,000 மடங்கு!

விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் என்று சாஃப்ட்வேர்களையும் சேர்த்துக் கொடுத்தார். அதுவரை மெஷினுக்கு ஒரு விலை, சாஃப்ட்வேருக்குத் தனி விலை. தனித்தனியா வாங்கினா, சாஃப்ட்வேர் செலவே கிட்டத்தட்ட மெஷின் விலையைத் தொட்டுடும். ஆஸ்போர்னின் கணக்கு ரொம்ப சிம்பிள். எல்லாத்திலும் பெஸ்ட்டா இருக்கணும்னு அவசியமில்லை, வேலைக்குப் போதுமான அளவு நல்லா இருந்தா போதும், விலை கையைக் கடிக்கக் கூடாது. உச்சத்தில் ஒரே மாதத்தில் 10,000 மெஷின்கள்வரை விற்றன.

இந்த டிசைன் முழுக்க அவங்க சொந்த மூளையில் உதித்ததா? அங்கேதான் சுவாரஸ்யம். 1978-லேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 'நோட்டேக்கர்' என்ற சோதனை மெஷின் உருவாகியிருந்தது. கீபோர்டே மூடி, குட்டி ஸ்கிரீன், பெட்டி வடிவம். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பின்னு சொல்லிடலாம். ஜெராக்ஸ் அதை விற்பனைக்கே கொண்டுவரவில்லை. ஆஸ்போர்ன் கொண்டுவந்தார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தாச்சு

ரங்கநாதன் தெருவுல ஒரு கடையில ஒரு புது டிசைன் சுடிதார் தொங்கினா, அடுத்த வாரம் பத்து கடையில அதே டிசைன் தொங்கும். ரிச்சி ஸ்ட்ரீட் ஹெட்போன்களுக்கும் இதே கதைதான். கம்ப்யூட்டர் சந்தையிலும் அதுவே நடந்தது.

டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ கே என்பவர் 1982-ல் 'கேப்ரோ' கம்ப்யூட்டரைக் களமிறக்கினார். அதே பெட்டி வடிவம், அதே இலவச சாஃப்ட்வேர் ஐடியா, அதே 1,795 டாலர். ஆனா, ஸ்கிரீன் மட்டும் 9 இன்ச்! ஆஸ்போர்னில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். கேப்ரோவில் 80. காப்பியடிச்சவங்க, ஒரிஜினலில் எது குறைன்னு பார்த்து அதைச் சரிபண்ணிட்டாங்க.

அடுத்தது காம்பேக். அவங்க காப்பியடித்தது ஆஸ்போர்னின் பெட்டியை மட்டும் இல்லை, ஐ.பி.எம் பி.சி-யின் மூளையையும்தான். அதுவும் சட்டப்படி! ஐ.பி.எம் மெஷினை இயக்கும் அடிப்படை புரோகிராமை ஒரு குழு ஆராய்ந்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த புரோகிராமைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. வேலை ஒன்றுதான், எழுத்து வேறு. அதனால் கேஸ் போட இடமில்லை. 1983-ல் காம்பேக் போர்ட்டபிள் கடைக்கு வந்தபோது, ஐ.பி.எம்-முக்கு எழுதப்பட்ட சாஃப்ட்வேர்கள் அதிலும் ஓடின. ஆஸ்போர்ன் 1-ல் ஓடாது.

ஒரு அறிவிப்பு, ஒரு வீழ்ச்சி

1983-ல் ஆஸ்போர்ன் கம்பெனி 7 இன்ச் ஸ்கிரீனோடு 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற புது மாடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. விளைவு? புதுசு வரப்போகுதே, இப்போ எதுக்குப் பழசுன்னு ஜனங்க காத்திருக்க ஆரம்பிச்சாங்க. பழைய மாடல் விற்பனை சரிந்தது. பிசினஸ் பாடங்களில் இன்றைக்கும் இதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே பெயர். அடுத்த மாடல் எப்ப வரும்னு பார்த்துட்டு போன் வாங்கறதைத் தள்ளிப்போடறீங்களே, அதேதான்.

ஆனா, முழுப் பழியையும் அந்த அறிவிப்பு மேல் போட முடியாது என்று வாதிடுபவர்களும் உண்டு. கேப்ரோ ஒரு பக்கம், ஐ.பி.எம் வகை மெஷின்கள் இன்னொரு பக்கம். அதிவேகமாக வளர்ந்த கம்பெனிக்குள் கணக்குவழக்கும் கட்டுக்குள் இல்லை. எது காரணமா இருந்தாலும் முடிவு ஒன்றுதான். 1983 செப்டம்பர் 13 அன்று கம்பெனி திவால் மனு போட்டது. நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. முதல் மெஷின் வந்து ரெண்டரை வருஷம்கூட முழுசா ஆகவில்லை.

இந்த முறை காப்பியடிச்சது அவர்!

ஆஸ்போர்ன் முடங்கவில்லை. 1984-ல் 'பேப்பர்பேக் சாஃப்ட்வேர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். பேப்பர்பேக் புத்தகம் மாதிரி சாஃப்ட்வேரும் மலிவாகக் கிடைக்கணும் என்பது ஐடியா. அப்போது லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு சாஃப்ட்வேர்தான் சந்தையின் ராஜா. விலை 495 டாலர். பேப்பர்பேக் கம்பெனியின் 'வி.பி பிளானர்' 100 டாலருக்கும் கீழே. மெனு, கீ அழுத்தும் வரிசை எல்லாம் லோட்டஸ் மாதிரியே. லோட்டஸ் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க வேண்டிய அவசியமே இல்லை.

1987-ல் லோட்டஸ் கேஸ் போட்டது. இத்தனைக்கும் லோட்டஸே அதற்கு முந்தைய விசிகால்க் போட்ட பாதையில் நடந்து வந்ததுதான். 1990 ஜூன் மாதம் தீர்ப்பு ஆஸ்போர்ன் கம்பெனிக்கு எதிராக வந்தது. கோடை காப்பியடிக்காவிட்டாலும், மெனு அமைப்பை அப்படியே எடுத்ததே காப்புரிமை மீறல் என்றது நீதிமன்றம். அதோடு அந்தக் கம்பெனியின் கதையும் முடிந்தது.

கொடுமை என்னன்னா, இதே லோட்டஸ் அடுத்ததாக போர்லேண்ட் கம்பெனி மேல் போட்ட கேஸில், 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. மெனு என்பது மெஷினை இயக்கும் முறை, வி.சி.ஆர் பட்டன்கள் மாதிரி. அதற்குத் தனி உரிமை கிடையாது என்றது. 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஆஸ்போர்னுக்கு மட்டும் அது அஞ்சு வருஷம் லேட்.

மறுபடியும் மலைக்கு

அதற்குள் உடம்பு அவரைக் கைவிட ஆரம்பித்திருந்தது. மூளையைப் பாதிக்கும் நோய். சின்னச் சின்னப் பக்கவாதங்கள் அடுத்தடுத்து வந்தன. 1992-ல் அமெரிக்காவை விட்டுவிட்டு, கொடைக்கானலில் இருந்த சகோதரியிடம் வந்து சேர்ந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன அதே ஊர். அங்கேயே, 2003 மார்ச் 18 அன்று தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 64.

ஜெராக்ஸ் விற்காமல் வைத்திருந்ததை ஆஸ்போர்ன் விற்றார். ஆஸ்போர்னை கேப்ரோவும் காம்பேக்கும் தாண்டிப் போனார்கள். லோட்டஸை ஆஸ்போர்ன் பின்பற்றினார். இந்தச் சங்கிலியில் யார் திருடர், யார் முன்னோடி? நீதிமன்றங்களே ஒருமுறை ஒன்றும், அடுத்த முறை வேறொன்றும் சொன்ன விஷயம் இது. ஆனா, ஒண்ணு நிச்சயம். இத்தனை பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் செஞ்சதால்தான், ஒரு ஹாலை அடைச்ச மெஷின் மேஜைக்கு வந்து, பெட்டிக்குள் புகுந்து, கடைசியில் உங்க உள்ளங்கைக்கு வந்திருக்கு.

அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட்ல வரிசையா அடுக்கியிருக்கிற மினி பி.சி-க்களைப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கேன்னு தோணும்போது, திருவண்ணாமலையில் வளர்ந்த அந்தப் பையனை ஒரு செகண்ட் நினைச்சுக்குங்க. அந்த வரிசையின் முன்பக்கம், 5 இன்ச் ஸ்கிரீனோட ஒரு தையல் மெஷின் பெட்டிக்கும் இடம் உண்டு.